ஹெல்மெட் கண்ணாடி மழையிலும் மார்கழியிலும் மங்காமல் இருக்க: வட சென்னையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

திருவொற்றியூரில் வீடு, மணலி புதுநகர் பக்கம் வேலை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு பத்தரைக்கு வண்டியை எடுத்தால் ஆண்டார்குப்பம், எம்.எஃப்.எல். சந்திப்பு, சாத்தாங்காடு என்று வழி நெடுக கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓரம் கட்டி நிற்கும், சிலவற்றில் பின் விளக்கு எரியும், பலவற்றில் எரியாது. சில வருஷங்களுக்கு முன் ஒரு நவம்பர் மழையில் அந்த வழியாக வரும்போது ஹெல்மெட் கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகிவிட்டது. தூக்கினேன். மழைத்துளி கண்ணில் ஊசி மாதிரி குத்தியது, மறுபடி இறக்கினேன், இறக்கிய ஐந்தாவது நொடி எதிரே எதுவும் தெரியவில்லை. வெள்ளைக்குள் ஒரு கறுப்புச் சதுரம் பெரிதாகிக்கொண்டே வருவது மட்டும் தெரிந்து பிரேக் பிடித்தேன். வண்டி நின்றபோது முன்னால் நின்ற டிரெய்லரின் பின்பக்க இரும்புக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்தது.

அன்றைக்கு அப்புறம் இந்த விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஸ்ப்ரே, ஷாம்பு, உள்ளே ஒட்டும் தகடு என்று எல்லாம் முயன்று பார்த்ததில் ஒன்று தெளிவானது: ஆவி பிடிக்காமல் இருக்கத் தனியாக மருந்து தேடுவதற்கு முன் கண்ணாடியை ஒழுங்காகக் கழுவ வேண்டும். கழுவாத கண்ணாடியில் எந்த மருந்தும் நிற்காது. நம் பக்கத்துக் காற்றில் இருக்கும் உப்புக்கும் சாம்பலுக்கும் டீசல் புகைக்கும் இது இரண்டு மடங்கு பொருந்தும்.

ஏன் மங்குகிறது

நாம் விடும் மூச்சு ஏறத்தாழ 34 டிகிரி சூட்டில், ஈரம் நிறைந்து வெளியே வருகிறது. அந்தச் சூட்டில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 37 கிராம் நீராவியைத் தாங்கும். மழை பெய்யும் இரவில் கண்ணாடி 24 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும். அந்தக் குளிர்ச்சியில் அதே காற்றால் 22 கிராமுக்கு மேல் தாங்க முடியாது. மிச்சம் எங்கே போகும்? கண்ணாடியின் உள்பக்கம்தான். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்கிறதே, அதே கதை.

சென்னையில் ஏது குளிர், நமக்கு ஏன் ஆவி பிடிக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. குளிர்தான் வேண்டும் என்றில்லை. மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரத்தால் நிரம்பியிருக்கிறது, அதனால் உள்ளே வந்து கண்ணாடியை உலர்த்திக்கொண்டு போகும் வேலையை அதனால் சரியாகச் செய்ய முடிவதில்லை. மலைப் பிரதேசத்தில் குளிர் அதிகம், ஆனால் காற்று உலர்ந்திருந்தால் ஒரு விரல் அளவு திறந்ததும் கண்ணாடி தெளிந்துவிடும். நமக்கு அந்தச் சலுகை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கிடையாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். படிகிற தண்ணீரின் அளவைவிட அது எப்படிப் படிகிறது என்பதுதான் பார்வையைக் கெடுக்கிறது. பொடிப்பொடி முத்துகளாகப் படிந்தால் ஒவ்வொரு முத்தும் எதிரே வரும் வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளைத் திரை போடும். அதே தண்ணீர் மெல்லிய ஏடாகப் பரவி நின்றால் அதன் ஊடாகப் பார்க்கலாம். ஆவி பிடிக்காமல் இருக்கப் பூசும் எல்லா மருந்தும், சோப்பானாலும் விலையுயர்ந்த ஸ்ப்ரேயானாலும், தண்ணீரைப் பரவ வைக்கும் வேலையைத்தான் செய்கின்றன. அழுக்கும் எண்ணெய்ப் பசையும் இருக்கும் இடத்தில் தண்ணீர் பரவாது, முத்தாகத்தான் திரளும்.

முதலில் எந்தப் பக்கம் கோளாறு என்று பாருங்கள்

மங்கல் என்றால் எல்லாமே ஆவி இல்லை. இரவில் வண்டியை ஓரமாக நிறுத்தி, உள்பக்கம் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோட்டின் வழியே தெருவிளக்கு தெளிவாகத் தெரிந்தால் அது ஆவி. விரல் இழுத்தும் விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக ஒளி நின்றால், ஒன்று எண்ணெய்ப் பசை, இல்லை கீறல். வீட்டுக்கு வந்து கழுவிவிட்டு மறுபடி பாருங்கள், வட்டம் போய்விட்டால் பசை, போகாவிட்டால் கீறல். கீறலுக்கு மருந்து இல்லை, கண்ணாடியை மாற்றுவதுதான் வழி. நிறையப் பேர் கீறல் விழுந்த கண்ணாடியில் ஸ்ப்ரே அடித்துப் பார்த்துவிட்டு ஸ்ப்ரே சரியில்லை என்கிறார்கள்.

கழுவும் முறை

எண்ணூர் விரைவுச் சாலையில் காசிமேடு வரை ஒரு முறை போய்வந்த பிறகு கண்ணாடியை நாக்கால் தொட்டுப் பார்க்கவே வேண்டாம், விரலால் தடவினாலே உப்பு தெரியும். கரையில் கொட்டிய கற்களில் அலை மோதிச் சிதறும் சாரல் காற்றோடு சாலைக்கு வருகிறது, காய்ந்ததும் உப்பு தங்கிவிடுகிறது. மணலி, எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் போனால் இதோடு அனல் மின் நிலையச் சாம்பலும் சேர்ந்துகொள்ளும். சாம்பல் என்றதும் விபூதி மாதிரி மெத்தென்ற பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. அதில் பெரும்பங்கு சிலிக்காவும் அலுமினாவும் உருகி இறுகிய நுண்ணிய கண்ணாடித் துகள்கள். ஹெல்மெட் கண்ணாடி என்று நாம் சொல்வதோ பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அடிபட்டால் அவ்வளவு சுலபத்தில் உடையாது, ஆனால் எளிதில் கீறும். மேலே ஒரு கடினப் பூச்சு போட்டுத்தான் விற்கிறார்கள். சாம்பலும் உப்பும் படிந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் வறட்டென்று துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே கண்ணாடியின் ஆயுள் கூடும்.

நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் வைத்துச் செய்வேன். முதலில் கண்ணாடியை ஹெல்மெட்டிலிருந்து கழற்ற வேண்டும். சில ஹெல்மெட்டில் கண்ணாடியை முழுக்க மேலே தூக்கினால் பக்கவாட்டில் ஒரு சிறு நெம்பு தெரியும், அதை அழுத்தினால் கழன்று வரும். விலை குறைந்தவற்றில் இரண்டு பக்கமும் பெரிய பிளாஸ்டிக் திருகு இருக்கும், ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் திருப்பினால் போதும். திருகின் அடியில் இருக்கும் வாஷரை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். எதுவும் புரியாவிட்டால் பலம் காட்ட வேண்டாம், வாங்கிய கடையில் கொடுத்து ஒரு முறை கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், தயங்காமல் காட்டுவார்கள்.

அடுத்தது ஊறவைப்பது. இதில்தான் பாதி வேலை முடிகிறது. மெல்லிய பருத்தித் துணியையோ இரண்டு டிஷ்யூ தாளையோ தண்ணீரில் நனைத்துக் கண்ணாடியின் வெளிப்பக்கம் போர்த்தி 10 நிமிடம் விட்டுவிடுங்கள். மழை விட்ட மாலையில் தெருவிளக்கைச் சுற்றிக் கிளம்பும் ஈசல் வந்து அப்பிய பிறகு நகத்தால் சுரண்டுகிறோமே, அந்தப் பிசின் எல்லாம் இந்த 10 நிமிடத்தில் இளகித் தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். துணியைத் தேய்த்து எடுக்கக் கூடாது, அப்படியே தூக்கி எடுக்க வேண்டும்.

பிறகு மெதுவாக ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். வாளிக்குள் முக்கி எடுத்தால் இறங்கிய மண் மறுபடி ஒட்டும். ஓடிவரும் தண்ணீரை முதல் தடவை வெள்ளைத் தட்டில் பிடித்துப் பார்த்தேன், பென்சில் சீவிய தூளைக் கரைத்தது மாதிரி சாம்பல் நிறம், அடியில் விரலுக்கு நறநறவென்று தட்டுப்பட்டது. ஒரு வாரத்து அழுக்கு அது. தண்ணீர் தெளிந்து வந்த பிறகுதான் ஷாம்பு. குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு சொட்டு, அவ்வளவுதான். விரல் நுனியால் உள்ளும் புறமும் (உள்பக்கம் கம்பெனி ஆவித்தடுப்புப் பூச்சு இருந்தால் வெளியே மட்டும்) வட்டமாக இல்லாமல் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். மூக்குக்கு நேராக வரும் கீழ் விளிம்பில் முகத்து எண்ணெயும் மூச்சின் பசையும் சேர்ந்திருக்கும், ஆவி முதலில் பிடிக்கும் இடமும் அதுதான், அங்கே கொஞ்சம் நின்று செய்யுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. திருவொற்றியூர், ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும், அதைத் துடைக்கப் போனால் கீறல் விழும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு கேன் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மாடியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இன்னும் நல்லது. இதை நான் கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் ஆயிற்று, அதுவரை ஷாம்புவைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் உதறிவிட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அந்தத் துணியை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், வண்டி துடைத்த துணி உதவாது. மெக்கானிக் கடை பனியன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம், அதில் இரும்புத்தூள் இருக்கும். ஹெல்மெட்டில் கண்ணாடி வந்து உட்காரும் ரப்பர் பீடிங்கையும் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். அதில் சிக்கிய மண்தான் ஒவ்வொரு முறை தூக்கி இறக்கும்போதும் கண்ணாடியில் நெடுக்காகக் கோடு போடுகிறது.

தொடவே கூடாதவை

பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட், சானிடைசர். இவை பட்டால் பாலிகார்பனேட்டில் மயிரிழை வெடிப்பு விழலாம், பூச்சு உரியலாம். முதல் நாளே தெரியாது, போகப்போகக் கண்ணாடி சிலந்திவலை மாதிரி ஆகிவிடும். வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் நீலநிறக் கண்ணாடி கிளீனர்களில் அம்மோனியா கலந்தவை உண்டு, அதுவும் ஆகாது. பாத்திரம் தேய்க்கும் நார், செய்தித்தாள் இரண்டையும் மறந்துவிடுங்கள்.

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், நல்ல மனிதர், பார்த்தபோதெல்லாம் சொல்வார்: “இன்னா தம்பி, இத்த போயி கய்வினுகீற? டூத்பேஸ்ட் போட்டு தேயிப்பா, பளபளன்னு ஆயிடும்.” அவர் சொல்வதில் காரணம் இருக்கிறது. மஞ்சளித்துப்போன ஹெட்லைட்டை அவர் அப்படித்தான் தேய்ப்பார், வெளுத்துத் தெரியும். பேஸ்ட்டில் நைஸான அரைப்புப் பொடி உண்டு, கெட்டுப்போன மேல்தோலை அது சுரண்டி எடுக்கிறது. ஹெல்மெட் கண்ணாடியில் அந்த மேல்தோல்தான் நமக்கு வேண்டிய கடினப் பூச்சு. அதைச் சுரண்டினால் அன்றைக்குப் பளபளக்கும், அடுத்த வாரத்திலிருந்து தொட்டதற்கெல்லாம் கீறும்.

உள்பக்கம் ஆவி பிடிக்காமல் செய்வது

கழுவிய கண்ணாடியின் உள்பக்கம் வாயைக் குவிக்காமல் ‘ஹா’ என்று சூடாக ஊதிப் பாருங்கள். ஆவி பிடிக்கவே இல்லை, பிடித்தாலும் உடனே மறைகிறது என்றால் கம்பெனியிலேயே உள்பக்கம் ஆவித்தடுப்புப் பூச்சு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதன் மேல் வேறு எதையும் பூசாதீர்கள். ஈரமாக இருக்கும்போது அந்தப் பூச்சு இளகி இருக்கும், அதனால் தேய்க்காமல் தண்ணீரில் மட்டும் அலசிக் காற்றில் காயவிட்டால் ரொம்ப நாள் வரும்.

வெள்ளையாகப் பிடித்து நிற்கிறது என்றால் நாமே பூச வேண்டியதுதான். செலவில்லாத வழி ஷாம்புதான். காய்ந்த கண்ணாடியின் உள்பக்கம் ஒரே ஒரு சொட்டு விட்டு, விரலால் முழுக்கப் பரப்பி, இரண்டு நிமிடம் காயவிடுங்கள். மங்கலாக ஒரு படலம் தெரியும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல், அந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை மெருகேற்றுங்கள். தண்ணீர் விட்டு அலசிவிடக் கூடாது, அலசினால் போட்டதெல்லாம் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அங்கே தங்கும் சோப்புதான் தண்ணீரை முத்தாகத் திரளவிடாமல் பரப்புகிறது. பாத்திரம் கழுவும் ஜெல்லும் இதே வேலையைச் செய்யும், ஆனால் வாசனை மூக்குக்கு நேராக இருக்கும், வேர்வையில் கரைந்து கண்ணில் பட்டால் எரியும். குழந்தை ஷாம்பு கண்ணை அவ்வளவாக எரிக்காது என்பதால்தான் அதைச் சொல்கிறேன்.

இது எத்தனை நாள் தாங்கும்? அடைமழையில் தினமும் ஓட்டினால் இரண்டு மூன்று நாள். மழை இல்லாத மார்கழி விடியலுக்கு ஒரு வாரம்கூட வரும். கடையில் கிடைக்கும் ஆவித்தடுப்பு ஸ்ப்ரே இதைவிடக் கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கும், பூசுவதும் சுலபம். வாங்கும்போது பாலிகார்பனேட்டுக்கு ஆகும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், மூக்குக் கண்ணாடிக்கு என்று மட்டும் போட்டிருந்தால் யோசியுங்கள்.

தினமும் மழையில் 20 கிலோமீட்டர் ஓட்டுபவர் என்றால் நான் சொல்வது பின்லாக் தகடு. பிளாஸ்டிக்கால் ஆன மெல்லிய இரண்டாவது கண்ணாடி அது, உள்பக்கம் இரண்டு முளைகளுக்கு நடுவே வில் மாதிரி வளைந்து உட்காரும். ஓரம் முழுக்க சிலிக்கான் விளிம்பு இருப்பதால் இரண்டுக்கும் நடுவே காற்று அடைபட்டு நிற்கும். வெளிக்கண்ணாடி மழையில் குளிர்ந்தாலும் உள்தகடு குளிராது, குளிராததால் மூச்சு அதில் படியாது. தகடு கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சவும் செய்யும். ஒரு நிபந்தனை: ஹெல்மெட் கண்ணாடியிலேயே அந்த முளைகள் இருக்க வேண்டும். இல்லாத கண்ணாடியில் துளை போட்டு மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், துளை போட்ட இடம் பலவீனமாகிவிடும். விலை கூடுதல்தான், சில சாதாரண ஹெல்மெட்டின் விலையே ஆகிவிடும். இருந்தாலும் என் ஹெல்மெட் செலவிலேயே உருப்படியான செலவு இதுதான் என்பேன்.

மாட்டும்போது கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, இரு கையாலும் லேசாகத் தட்டையாக விரித்துப் பிடித்தால் தகடு முளைகளுக்குள் போய் உட்காரும். சிலிக்கான் விளிம்பு கண்ணாடியைப் பார்த்து இருக்க வேண்டும், சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு தகட்டின் மேல் ஒட்டிவரும் பாதுகாப்புப் படலத்தை உரித்துவிடுங்கள். கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே ஆவி பிடித்தால் விளிம்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முளைகள் மையம் தள்ளிச் செய்யப்பட்டவை, அவற்றைக் கொஞ்சம் திருப்பினால் தகடு இறுகும். இந்தத் தகட்டில் ஷாம்பு மெருகு, ஸ்ப்ரே எதுவும் போடக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், தேவைப்பட்டால் மென்மையான சோப்பு ஒரு சொட்டு, அலசி, காற்றில் உலர்த்தல், அவ்வளவு போதும்.

மூச்சையும் காற்றையும் திருப்பிவிடுவது

பூசுவது ஒரு பாதி. மூச்சு கண்ணாடிக்கே போகாமல் பார்த்துக்கொள்வது மறுபாதி. முழு முக ஹெல்மெட்டில் மூக்குக்கு மேல் உட்காரும் ரப்பர் மூக்குமறைப்பு ஒன்று உண்டு, மூச்சைக் கீழே தள்ளிவிடும். நிறையப் பேர் உறுத்துகிறது என்று பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள், வீட்டில் எங்கேயாவது கிடந்தால் தேடி எடுத்து மாட்டுங்கள். அதே சமயம் தாடைக்கு அடியில் போடும் துணித்திரையை மழைக்காலத்தில் கழற்றிவிடுவது நல்லது, மூச்சு வெளியேற அந்தக் கீழ்வாசல் வேண்டும்.

தாடைப்பகுதியில் இருக்கும் காற்றுத் துவாரத்தை மழை என்றதும் மூடிவிடுவது எல்லோருக்கும் இருக்கும் பழக்கம். மூடாதீர்கள். அதன் வழியாக வரும் காற்றுதான் கண்ணாடியின் உள்பக்கம் மேலே ஏறி ஆவியைக் கலைக்கிறது. நாலு துளி உள்ளே வந்தால் வரட்டும். துவாரத்தில் பூச்சி, மண் அடைத்திருந்தால் பழைய டூத்பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

ஓடாத வண்டியில் காற்றும் ஓடாது. அதனால் சிக்னலில் நின்றதும் முதல் வேலையாகக் கண்ணாடியைத் தூக்கிவிடுங்கள், பச்சை விழுந்து வண்டி நகர்ந்த பிறகு இறக்குங்கள். மூலக்கடை சிக்னலில் இரண்டு நிமிடம் மூடிக்கொண்டு நின்றுவிட்டு மாதவரம் வரை ஆவியோடு போராடுவதைவிட இது எளிது. நகரும்போது ஒரு பல் மட்டும் (கண்ணாடியைத் தூக்கும்போது ‘டக்’ என்று நிற்கும் முதல் நிலை) திறந்து வைப்பதும் கைகொடுக்கும். உங்கள் ஹெல்மெட்டில் அந்த முதல் பல் நிற்காமல் தானாக விழுந்தால் பக்கவாட்டுப் பொறி தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

மூச்சு விடும் விதத்தையும் கொஞ்சம் பழக்கலாம். மேல் உதட்டைச் சற்று முன்னே நீட்டி வாய் வழியாகக் கீழே பார்த்து ஊதினால் மூச்சு கழுத்துப் பக்கம் போய்விடும். மெதுவாகப் போகும் இடத்தில் ஐந்தாறு மூச்சு இப்படி விட்டாலே வித்தியாசம் தெரியும்.

மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்குத் தொல்லை இரட்டிப்பு. அதே ஷாம்பு மெருகை மூக்குக் கண்ணாடிக்கும் போடலாம், ஆனால் விசேஷப் பூச்சுப் போட்ட லென்ஸ் என்றால் கண்ணாடிக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஹெல்மெட்டுக்குள் முகக்கவசமும் போடுகிறீர்கள் என்றால் அதன் மேல்விளிம்புக் கம்பியை மூக்கில் நன்றாக அழுத்தி, வேண்டுமானால் மருந்துக்கடைக் காகித டேப் ஒரு துண்டு ஒட்டி, மேல்வழியை அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு முழுக்க நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

வெளிப்பக்கம் வேறு கணக்கு

உள்ளே தண்ணீர் பரவ வேண்டும், வெளியே உருண்டு ஓட வேண்டும். இரண்டும் நேர் எதிர். உள்ளே போடுவதை வெளியே போட்டால் மழையில் எல்லாம் நெளிந்து தெரியும், வெளியே போடுவதை உள்ளே போட்டால் ஆவி இன்னும் மோசமாகும். வெளிப்பக்கத்துக்கு, அரைப்புப் பொடி கலக்காத வாகன மெழுகை மிளகு அளவு எடுத்து மெல்லப் பரப்பி, காய்ந்ததும் துடைத்தால் துளிகள் தங்காமல் ஓடும். கார் கண்ணாடிக்கென்று விற்கும் மழை ஸ்ப்ரேக்களில் பல ஆல்கஹால் கலந்தவை, அவை நிஜக் கண்ணாடிக்குத்தான். பிளாஸ்டிக்குக்கு ஆகும் என்று எழுதியிருந்தால் மட்டும் தொடுங்கள்.

ஓட்டும்போது துளிகள் சேர்ந்தால் வேகத்துக்கு ஏற்ப தலையை ஒரு கணம் இடமும் வலமும் லேசாகத் திருப்புங்கள், காற்றே தள்ளிவிடும். கையால் துடைப்பதென்றால் இடது கை ஆள்காட்டி விரலை வைத்து ஒரே இழுப்பு, அதுவும் கண்ணாடி நன்றாக நனைந்திருக்கும்போது மட்டும். தூறல் ஆரம்பித்த முதல் இரண்டு நிமிடம் கையே வைக்காதீர்கள், சாலைச் சேறும் டீசல் பசையும் சேர்ந்து சந்தனம் குழைத்துப் பூசியது மாதிரி ஆகிவிடும். முன்னால் போகும் கன்டெய்னர் லாரியை ஒட்டிப் போகாமல் இருந்தாலே பாதிச் சேறு மிச்சம்.

நடு வழியில் மங்கிவிட்டால்

வேகத்தைக் குறைத்து, ஒரு பல் திறந்து, இடதுபுறம் ஒதுங்குங்கள். நின்றுகொண்டிருக்கும் டிரெய்லருக்குப் பின்னால் ஒதுங்காதீர்கள், பின்னால் வருபவருக்கும் உங்களைத் தெரியாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலை என்றால் டோல்கேட்டிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ மேலேதான் ஓடுகிறது, ஏதாவது ஒரு நிலையத்தின் வாசலில் ஏறி நின்றால் மழையும் படாது, வண்டியும் இடிக்காது. ஹெல்மெட்டைக் கழற்றி உள்பக்கம் சுத்தமான கைக்குட்டையால் ஒற்றுங்கள். கையில் எதுவுமே இல்லையென்றால் சுத்தமான விரலில் எச்சில் தொட்டு உள்பக்கம் பரப்பி ஒற்றிவிடுங்கள். கடலில் முக்குளிப்பவர்கள் முகக்கண்ணாடிக்கு இதைத்தான் செய்கிறார்கள். வீடு வந்து சேரும் வரை தாங்கும்.

நான் இப்போது சீட்டுக்கு அடியில் ஒரு ஜிப் பையில் சிறு மைக்ரோஃபைபர் துணியும், கால்வாசி ஷாம்பு சாஷேயும் போட்டு வைத்திருக்கிறேன்.

ஹெல்மெட்டையும் காய வையுங்கள்

நனைந்த பஞ்சோடு காலையில் மறுபடி தலையில் மாட்டினால், உங்கள் தலைச்சூடே அந்த ஈரத்தை ஆவியாக்கிக் கண்ணாடிக்கு அனுப்பும். எவ்வளவு மருந்து போட்டும் பிடிக்கிறதே என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். வந்ததும் கண்ணாடியைத் திறந்து, ஹெல்மெட்டைக் கவிழ்க்காமல் வாய் மேலே பார்க்க வைத்து, மின்விசிறிக்கு நேரே இரவு முழுக்க விடுங்கள். ரொம்ப நனைந்திருந்தால் கன்னப் பஞ்சைக் கழற்றித் தனியாகப் போடலாம். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் பாதி ஈரம் போய்விடும் (கண்ணாடியில்தான் செய்தித்தாள் கூடாது, பஞ்சுக்குப் பரவாயில்லை). ஹேர் டிரையர் சூடு, அடுப்படிச் சூடு வேண்டாம், உள்ளே இருக்கும் தெர்மோகோல் அந்தச் சூட்டில் சுருங்கும், ஹெல்மெட்டின் உயிரே அதுதான்.

போகி விடியலுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மார்கழிப் பனியும் எரிப்புப் புகையும் சேர்ந்து இறங்கும் அந்தக் காலையில் கண்ணாடியின் இரண்டு பக்கமும் பசை மாதிரி ஒரு படலம் கட்டும், மெருகு போட்டிருந்தாலும் மங்கும். முதல் நாள் இரவே கழுவி மெருகேற்றி வைத்துவிட்டு, முடிந்தால் ஏழரை மணிக்கு மேல் கிளம்புங்கள். வீடு திரும்பியதும் மறுபடி கழுவிவிடுங்கள், அந்தப் படலம் காய்ந்து இறுகினால் எடுப்பது கஷ்டம்.

எப்போது மாற்றுவது

தினமும் ஓட்டுபவர் என்றால், எதிரே வரும் ஹெட்லைட் முள்முள்ளாக விரிந்து தெரிய ஆரம்பித்ததும் மாற்றிவிடுங்கள். நான் வருஷத்துக்கு ஒரு முறை, செப்டம்பர் கடைசியில், மழை பிடிப்பதற்கு முன் மாற்றுகிறேன். சாதாரண ஹெல்மெட்டுக்குச் சில நூறு ரூபாயில் கண்ணாடி மட்டும் தனியாகக் கிடைக்கும். புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ தேடும்போது ஹெல்மெட்டையே கையோடு எடுத்துப் போங்கள். மாடல் ஒன்று போலத் தெரிந்தாலும் பல் வேறாக இருக்கும், கடையிலேயே மாட்டி நாலு தடவை தூக்கி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி அழகாகத்தான் இருக்கும், இரவு ஷிப்ட்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம், நிறமில்லாததாக வாங்குங்கள். ஹெல்மெட்டையே புதிதாக வாங்குவதாக இருந்தால் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 ஜூன் 1 முதல் அந்த முத்திரை இல்லாமல் இருசக்கர ஹெல்மெட் விற்கவே கூடாது என்பது சட்டம். அப்படியே கண்ணாடியில் பின்லாக் முளை இருக்கிறதா, எளிதாகக் கழற்ற வருகிறதா என்ற இரண்டையும் கடைக்காரர் முன்னாலேயே நீங்கள் உங்கள் கையால் செய்து பாருங்கள்.

புதுக் கண்ணாடி மாட்டிய அன்றே ‘ஹா’ என்று ஒரு முறை ஊதிப் பார்த்து, பூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அன்றிரவே ஒரு சொட்டு ஷாம்பு போட்டுவிடலாம்.